பதிவுச் சபை யாருக்குக் காவல்?

தந்தை விட்டுச்சென்ற காணியைப் பங்கிட வேண்டுமாயின் கமக்காரர் நில அளவையாளரை அழைக்கின்றார். பங்கிட்ட காணிக்கு உறுதி முடிக்க நொத்தாரிசை நாடுகின்றார். கறவைப் பசு தீன் எடாது படுத்துவிட்டால் மிருக வைத்தியரைத் தேடுகின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் டாக்குத்தரிடம் ஓடுகின்றார். இந்நால்வர் செய்யும் வேலையில் எதனையும் அவர் தாமே சரிபார்த்துக்கொள்ள இயலாது. அளவைக் கருவி காட்டிய எண் சரியோ, உறுதியில் எழுதிய எல்லை சரியோ, ஊசியில் ஏற்றிய மருந்து சரியோ அவர் அறியார். அறியாமலே கையொப்பம் இடுகின்றார். அறியாமலே காசு கொடுக்கின்றார். அறியாமலே பிள்ளையின் கையை நீட்டுகின்றார்.

இத்துணை பெரிய நம்பிக்கைக்கு அடிப்படை யாது? அந்த மனிதரின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கின்றது என்பதே. அப்பதிவேட்டைச் சட்டத்தினால் ஆக்கப்பட்ட ஒரு சபையோ, சட்டத்தினால் நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரியோ வைத்திருக்கின்றார் என்பதே. பெயரைப் பதிவதும், பதிந்த பெயரைக் காப்பதும், தகுதி இழந்த பெயரை வெட்டுவதும் அவர்களுடைய வேலை.

எமது நாட்டில் இத்தகைய சபைகள் புதியன அல்ல. மருத்துவருக்கு 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் உண்டு. மிருக வைத்தியருக்கு 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும், பொறியியலாளருக்கு 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. நொத்தாரிசு 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திற்கு அமைந்தவர். சட்டத்தரணிகளைச் சேர்ப்பதும் விலக்குவதும் உயர் நீதிமன்றத்தின் கையில் உள்ளன. ஆக, பிறப்பு முதல் இறப்பு வரை, வயல் முதல் வைத்தியசாலை வரை, பதிவேடுகளை நம்பியே எம்மக்கள் வாழ்கின்றனர்.

எனவே ஒரு கேள்வியை நாம் வெளிப்படையாக எழுப்ப விரும்புகின்றோம். இச்சபைகள் யாருக்குக் காவல்? தொழிலாற்றுவோருக்கா? தொழிலின் பயனை நாடி வருவோருக்கா? எமது வாசகருள் இரு சாராரும் உளர். மருத்துவரும் பொறியியலாளரும் சட்டத்தரணியும் இப்பத்திரிகையைப் படிக்கின்றனர், கமக்காரரும் படிக்கின்றனர். இருவரையும் முன்னிருத்தியே பேசுகின்றோம்.

சபையின் கையில் உள்ளவை

பதிவுச் சபை ஒன்றிற்குச் சட்டம் வழங்கும் அதிகாரங்களைச் சுருங்கக் கூறின் அவை ஐந்தாகும். தொழிலுக்குள் வருவோரின் கல்வியையும் தேர்ச்சியையும் அளந்து பார்த்தல் முதலாவது. தகுதி கண்டவரைப் பதிதல் இரண்டாவது. தொழில் நடத்தைக்கு விதி வகுத்தல் மூன்றாவது. முறைப்பாடு வந்தால் விசாரித்தல் நான்காவது. குற்றம் காணப்பட்டால் எச்சரித்தல், இடைநிறுத்தல், பெயர் நீக்கல் ஐந்தாவது.

இவை சாதாரண அதிகாரங்கள் அல்ல. பல்லாண்டு கற்று, பெற்றார் நகையை ஈடு வைத்துப் படிப்பித்து, பட்டம் பெற்று வந்த ஒருவரின் சீவனத்தை ஒரு வாக்கெடுப்பினால் அறுத்துவிடக்கூடிய அதிகாரம் இது. ஊரவரால் ஊருக்காகத் தெரிவுசெய்யப்படும் பிரதேச சபைக்குக்கூட இத்தகைய பலம் இல்லை. இப்பலத்தை அரசு ஏன் ஒரு சிறு குழுவின் கையில் ஒப்படைத்தது?

இக்கேள்விக்கு விடையை இங்கிலாந்தின் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமே தன் முகவுரையில் தந்திருக்கின்றது. மருத்துவ உதவி தேவைப்படுவோர், தகுதி உடையவர் இவர், தகுதி அற்றவர் இவர் எனப் பிரித்தறிய வழி செய்வதே அச்சட்டத்தின் நோக்கம் என்று அங்கு எழுதப்பட்டது. இதனைக் கவனியுங்கள். மருத்துவரின் வருவாயைப் பெருக்குவதற்காக என்று அங்கு எழுதவில்லை. நோயாளி பிரித்தறிவதற்காக என்றே எழுதினர். பதிவேடு நோயாளியின் கையில் இருக்க வேண்டிய விளக்கு. மருத்துவர் வீட்டு மதில் அன்று.

அட்லாந்திக்கிற்கு அப்பால், ஐக்கிய அமெரிக்காவில், இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. அங்கே தொழில்களைப் பதியும் அதிகாரம் பெரும்பாலும் ஒவ்வொரு மாநிலத்திற்கும் உரியது. மேற்கு வேர்ஜீனியா மாநிலம் 1882இல் ஒரு சட்டம் செய்தது. மதிப்புடைய மருத்துவக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அல்லது அம்மாநிலத்திலே பத்தாண்டு தொழில் செய்திருக்க வேண்டும். அல்லது பரீட்சையில் தேற வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாதவர் வைத்தியம் செய்தல் குற்றம். டென்ற் என்ற வைத்தியர் 1876 முதல் தொழில் செய்து வந்தவர். அவரிடம் இருந்த பட்டத்தைச் சபை ஏற்க மறுத்தது. அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றார், 1889இல் தோற்றார்.

தோற்ற வழக்காயினும் அத்தீர்ப்பு பதிவுச் சபைகளுக்கெல்லாம் ஓர் அளவுகோலைத் தந்தது. அறியாமையிலிருந்தும் வஞ்சகத்திலிருந்தும் மக்களைக் காக்க அரசு தகுதி விதிக்கலாம் என்று நீதியரசர் ஃபீல்ட் கூறினார். ஆனால் அத்தகுதி அந்தத் தொழிலோடு பொருந்தியதாக இருத்தல் வேண்டும். நியாயமான கல்வியாலும் முயற்சியாலும் எவரும் அடையக்கூடியதாக இருத்தல் வேண்டும். பொருந்தாத தகுதியும் எட்டாத தகுதியும் மக்களைக் காப்பனவல்ல. மனிதனின் தொழிலுரிமையைப் பறிப்பனவேயாம். இவ்விரு சோதனைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வேலியே பயிரை மேய்ந்தால்

வட கரோலினா மாநிலத்தின் பல் வைத்தியப் பரிசோதகர் சபையில் எட்டு அங்கத்தவர். அவருள் அறுவர் தொழில் செய்யும் பல் வைத்தியர். அவர்களைத் தெரிவுசெய்வோரும் பல் வைத்தியரே. ஒருவர் பற்சுகாதார உதவியாளர். பொதுமக்கள் சார்பில், ஆளுநரால் நியமிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்.

1990களில் அம்மாநிலத்துப் பல் வைத்தியர்கள் பல்லை வெண்மையாக்கும் வேலையைத் தொடங்கினர். அதில் நல்ல வருவாய் கண்டனர். 2003 அளவில், பல் வைத்தியர் அல்லாதோரும் வணிக வளாகங்களிலே குறைந்த விலைக்கு அவ்வேலையைச் செய்யலாயினர். உடனே பல் வைத்தியர்களிடமிருந்து சபைக்கு முறைப்பாடுகள் வந்து குவிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை என்ன கூறின? மக்களுக்குத் தீங்கு நேர்ந்தது என்றல்ல. அவர்கள் குறைந்த விலைக்குச் செய்கின்றார்கள் என்றே கூறின!

சபை என்ன செய்தது? பல்லை வெண்மையாக்குதல் பல் வைத்தியத்தின் பாற்பட்டது என்று அம்மாநிலச் சட்டம் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பதிவில்லாத ஒருவர் சட்டத்தை மீறுகின்றார் என்று சபை கருதினால் நீதிமன்றம் சென்று தடையுத்தரவு கோரலாம். அதுவே சட்டம் காட்டிய வழி. சபையோ அவ்வழி செல்லவில்லை. 2006 முதல் 47 கடிதங்களுக்குக் குறையாமல் அனுப்பியது. வேலையை உடனே நிறுத்துக. இது குற்றம் என்று அரசின் இலச்சினை பொறித்த தாளில் எழுதியது. கடைக்கு இடம் கொடுத்த வணிக வளாகத்தாருக்கும் எழுதியது. ஏழைக் கடைக்காரர் அரசின் இலச்சினையைக் கண்டு அஞ்சினர், கடைகளை மூடினர். விசாரணை இல்லை, நீதிபதி இல்லை, தீர்ப்பு இல்லை, தபாற்காரனே போதுமானவன் ஆனான்.

அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2010இல் இச்சபையின் மீது குற்றம் சாட்டியது. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் எமக்குப் பொருந்தாது, நாம் அரசின் அங்கம் என்று சபை வாதாடியது. 2015 பெப்ரவரி 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையினால் அவ்வாதத்தைத் தள்ளியது. சபையைக் கட்டுப்படுத்தும் தொகையினர் அதே சந்தையில் தொழில் நடத்துவோராயின், அரசின் உண்மையான, நேரான மேற்பார்வை இருந்தாலன்றி அரசுக்குரிய விலக்கு அச்சபைக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அரசு என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. அரசின் கண்ணும் அங்கே இருத்தல் வேண்டும் என்பதாயிற்று.

இது தனித்ததொரு விபத்து என்று எவரும் எண்ண வேண்டாம். அலபாமா மாநிலத்தில் கண்ணாடிப் பரிசோதகர் சபை இருந்தது. அதன் அங்கத்தவர் அனைவரும் தனித்துத் தொழில் நடத்துவோர். கம்பெனிகளிலே சம்பளத்திற்கு வேலை செய்த கண்ணாடிப் பரிசோதகர்களை விலக்க அவர்கள் முற்பட்டனர். போட்டியாளர் விலகினால் அவருடைய வாடிக்கை யாருக்கு வந்து சேரும்? விசாரிக்கும் அங்கத்தவருக்கே. தமக்கே இலாபம் தரும் வழக்கில் தாமே நீதிபதியாய் இருத்தல் ஆகாது என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. இது எம்மூர்ச் சிறு பிள்ளைக்கும் தெரிந்த நீதி. காணி வழக்காளியே அக்காணிக்கு நடுவராயின் எல்லைக்கல் எங்கே போய் நிற்கும் என்று கமக்காரரைக் கேளுங்கள்!

டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததும் சொல்லத்தக்கது. நூலினால் புருவமயிர் நீக்கும் தொழில் இந்தியா முதலிய எமது பகுதிகளிலிருந்து அங்கு சென்றது. கத்தி இல்லை, இரசாயனம் இல்லை. ஒரு முழ நூலே கருவி. அத்தொழிலைச் செய்ய 750 மணித்தியாலம் அழகுக்கலை கற்று அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று அம்மாநிலம் விதித்தது. அம்மணித்தியாலங்களுள் 320 வரை நூற்றொழிலோடு எவ்விதத் தொடர்பும் அற்றவை. 2015 ஜூன் மாதம் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவ்விதி அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்த்தது. 1889இல் கூறப்பட்ட முதற் சோதனையை நினைவுகூருங்கள்: தகுதி தொழிலோடு பொருந்தியதா?

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளரில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைந்தவரே மாநில அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில்களில் இருந்தனர். 2015இல் வெளியான வெள்ளை மாளிகை அறிக்கையின்படி அத்தொகை காற்பங்கிற்கு மேலாக உயர்ந்திருந்தது. காவல் வேலி வளர்ந்துகொண்டே போகின்றது. வேலிக்குள் இருப்போருக்கு அது இன்பம். வெளியில் நிற்கும் ஏழைக்கும், கூடிய விலை கொடுக்கும் மக்களுக்கும் அது துன்பம்.

எதிர்வாதம் என்ன?

இவ்விடத்தில் எம்மவருள் மருத்துவரும் பொறியியலாளரும் ஒரு நியாயமான கேள்வி கேட்பர். பல்லைப் பற்றிப் பல் வைத்தியரே அறிவார். பாலத்தைப் பற்றிப் பொறியியலாளரே அறிவார். இவற்றை அறியாதவர் சபையில் அமர்ந்து என்ன செய்வர்? தொழிலறிந்தோரைத் தள்ளிவிட்டால் சபை அரசியல்வாதிகளின் மடமாகி விடாதா?

கேள்வி நியாயமானதே. வட கரோலினா வழக்கில் மாறுபட்ட மூன்று நீதியரசர்களும் இதனோடு ஒத்த கவலையையே கொண்டிருந்தனர். சட்டசபையே சபையை ஆக்கியிருக்கையில் அதனை அரசின் அங்கமன்று என்று எப்படிக் கூறுவது என அவர்கள் வினவினர். நாமும் தொழிலறிந்தோரைத் தள்ளும்படி கூறவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பும் அவ்வாறு கூறவில்லை. மாணவன் சத்திரசிகிச்சை கற்றானா என்று அளக்கத் தேர்ந்த சத்திரசிகிச்சையாளர் வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் குறைந்த விலைக்கு வேலை செய்பவரை விரட்டலாமா, எத்தனை பேரை ஆண்டுதோறும் உள்ளே விடலாம், முறைப்பாட்டை விசாரியாது மூடிவிடலாமா என்பன தொழிலறிவின் கேள்விகள் அல்ல. அவை நலன்களின் கேள்விகள். நலனுடையவரே அவற்றைத் தனித்துத் தீர்க்கக்கூடாது.

தொழிற்சங்கம் வேறு, பதிவுச் சபை வேறு. சங்கம் தன் அங்கத்தவரின் சம்பளத்திற்கும் வசதிக்கும் போராடும். அது அதன் உரிமை. அவ்வுரிமையை நாம் என்றும் ஆதரிப்போம். சபை அங்கத்தவருக்காகப் போராட வந்ததன்று. சங்கத்தின் ஆசனத்திலிருந்து எழுந்து சபையின் ஆசனத்தில் அமர்பவர், எழுந்த இடத்திலேயே தம் கட்சியை விட்டுவிட்டு வருதல் வேண்டும். இவ்வேறுபாடு மங்கும் நாளிலே மக்களின் நம்பிக்கையும் மங்கும்.

வாளிருந்தும் உறையில் தூங்கினால்

அதிகாரத்தைத் தவறாக வீசுதல் ஒரு குற்றமாயின், வீச வேண்டிய வேளையில் வீசாதிருத்தல் அதனினும் பெரிய குற்றம். கடைக்காரனுக்குக் கடிதம் அனுப்புவதில் விரைந்த சபைகளின் நாட்டிலேயே, நோயாளியைக் காப்பதில் தாமதித்த சபையும் இருந்தது.

டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரப் பகுதியில் 2011இல் ஒரு முதுகெலும்புச் சத்திரசிகிச்சையாளர் தொழில் தொடங்கினார். அவர் கைபட்ட நோயாளருள் இருவர் 2012இல் இறந்தனர். வேறு பலர் ஆயுட்காலம் முழுவதும் ஊனமுற்றனர். அவருடைய வேலையைக் கண்ணால் கண்ட சக சத்திரசிகிச்சையாளர்களே மருத்துவ சபைக்கு முறையிட்டனர். ஆயினும் 2013 ஜூன் மாதத்திலேயே சபை அவருடைய அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தியது. இடைப்பட்ட மாதங்களிலும் அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. 2017இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுட்காலச் சிறை விதித்தது. குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்கும், உண்மைதான். ஆனால் அது தண்டிப்பது தீங்கு நடந்த பின்னர். தீங்கு நடக்குமுன் தடுக்க வல்லது பதிவுச் சபை ஒன்றே. அதற்காகவே அதற்கு வாள் கொடுக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் ஒரு பாடம் உண்டு. தம் நோயாளர் பதினைவரைக் கொன்றார் என ஷிப்மன் என்ற வைத்தியர் 2000ஆம் ஆண்டில் குற்றவாளியாகக் காணப்பட்டார். பின்னர் நடந்த பகிரங்க விசாரணை 2004இல் வெளியிட்ட தன் ஐந்தாம் அறிக்கையில், நோயாளரைக் காப்பதினும் மருத்துவரைக் காக்கும் மனப்பான்மை பொது மருத்துவ சபையில் ஊறியிருந்ததைக் கடிந்துரைத்தது. அதன் பின்னரே மாற்றங்கள் வந்தன. 2008இல் சபை விசாரணைகளில் குற்றவியல் வழக்கின் கடுமையான நிரூபண அளவு கைவிடப்பட்டு, குடியியல் வழக்கின் அளவு ஏற்கப்பட்டது. சபையின் ஆசனங்களிற் பாதி மருத்துவர் அல்லாதோருக்கு அளிக்கப்பட்டது. 2012இல் குற்றம் சாட்டும் பகுதி வேறு, தீர்ப்புக் கூறும் மன்று வேறு என்று பிரிக்கப்பட்டது. 1858இல் எழுதிய நோக்கத்தை நிறைவேற்ற நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன! மக்கள் கேட்டபோதுதான், கேட்டவர் கண்ணீர் சிந்திய பின்னர்தான், அது நிறைவேறியது.

எமது நாட்டின் பாடம்

இனி எம் மண்ணுக்கு வருவோம். பிற நாட்டுக் கதைகளை நாம் எடுத்துக்கூறியது பொழுதுபோக்குக்காக அன்று. சபையின் அதிகாரம் எதுவரை என்ற கேள்வி எமது நாட்டையும் ஆண்டுக்கணக்காக உலுக்கியது.

மாலபேயில் இயங்கிய சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றோரைப் பதிய இலங்கை மருத்துவ சபை மறுத்தது. நோயாளரைக் கண்டு பயிலும் பயிற்சி அங்கே போதாது என்பது சபையின் நிலை. வைத்தியர்களின் தொழிற்சங்கமும் பல்கலைக்கழக மாணவரும் வீதிக்கு வந்தனர். வேலைநிறுத்தங்களால் வைத்தியசாலை வாசல்களில் ஏழை நோயாளர் காத்து நின்றனர். 2017 ஜனவரி 31ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பட்டதாரிகளுக்குச் சார்பாகத் தீர்த்தது. 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. பட்டம் வழங்கும் தகுதியைச் சட்டப்படி ஒரு நிறுவனத்திற்கு அரசாங்கம் கொடுத்திருக்கையில், பதிவை மறுக்கும் புதிய அதிகாரத்தைச் சபை தானே ஆக்கிக்கொள்ள இயலாது. நிறுவனத்தைப் பார்வையிடலாம், தரம் குறைவெனின் அங்கீகாரத்தை நீக்கும்படி அமைச்சருக்கு விதந்துரைக்கலாம். சட்டம் காட்டிய பாதை அதுவே.

இவ்வழக்கில் யார் வென்றார், யார் தோற்றார் என்று கணக்கிடுதல் எமது நோக்கமன்று. மருத்துவக் கல்வியின் தரம் குறித்துச் சபை கவலைப்பட்டது பிழையா? பிழையன்று. கவலைப்படாத சபையால் யாருக்குப் பயன்? ஆனால் தரம் என்னவென்று முன்கூட்டியே எழுதி, வர்த்தமானியிலே வெளியிட்டு, எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒன்றாக விதித்திருக்க வேண்டும். மருத்துவக் கல்வியின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் ஒழுங்குவிதிகள் 2018இலேயே வர்த்தமானியில் வந்தன. மாணவன் சேர்ந்து, பணம் கட்டி, படித்து முடித்து வாசலில் வந்து தட்டும்போது கதவின் உயரத்தை அளக்கத் தொடங்கினால் அது நீதியாகுமா? எழுதாத அளவு அளவன்று. எழுதிய அளவே மாணவனையும் காக்கும், நோயாளியையும் காக்கும், நீதிமன்றத்திலே சபையையும் காக்கும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஒரு தொழிலுக்குச் சட்டம் பிறக்கும் நாளிலே ஏற்கெனவே அத்தொழிலில் இருப்போரின் கதி என்ன? மேற்கு வேர்ஜீனியச் சட்டமே பத்தாண்டு அநுபவம் உடையோருக்கு வழி விட்டதைக் கண்டோம். எமது ஊர்களிலே விஷகடி வைத்தியரும், முறிவு நெரிவு வைத்தியரும், பரம்பரையாய் ஏடு காத்துவந்த சித்த வைத்தியரும் பட்டம் பெற்றவர் அல்லர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர இடம் வைத்தது. அறிவு கல்லூரி வாசலால் மட்டும் வருவதன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது நன்று. புதிதாகச் சபைகள் அமைக்க முற்படுவோர் இதனை மறத்தல் ஆகாது. பழைய தொழிலாளியைப் பரீட்சியுங்கள்; பயிற்றுங்கள்; ஆனால் ஒரே இரவில் அவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

நாம் வேண்டுவன

கோரிக்கை இல்லாத குறை புலம்பலேயாகும். ஆதலின் நாம் வேண்டுவனவற்றைத் தெளிவாகக் கூறுகின்றோம்.

ஒன்று: ஒவ்வொரு பதிவுச் சபையிலும் அத்தொழிலைச் சாராத பொதுமக்கள் கணிசமான தொகையினராய் இருத்தல் வேண்டும். எட்டில் ஒருவர் என்பது அலங்காரம். பேசினால் கேட்கவும், வாக்களித்தால் எண்ணவும் தக்க தொகை வேண்டும். அவர்களும் அமைச்சரின் அடியார்களாய் இருத்தல் கூடாது. தொழிலின் கைப்பொம்மையாக இருந்த சபையைக் கட்சியின் கைப்பொம்மையாக மாற்றுவது திருத்தமன்று.

இரண்டு: முறைப்பாட்டை ஆராய்ந்து குற்றம் சாட்டுவோரும், குற்றம் உண்டா இல்லையா என்று தீர்ப்போரும் வேறு வேறானவராய் இருத்தல் வேண்டும். ஒருவர் வாய் குற்றம் சாட்ட, அதே வாய் தீர்ப்பும் கூறுவது நீதியன்று.

மூன்று: குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிவித்தல் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, காரணங்களை எழுதியே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இருத்தல் வேண்டும். தவறிழைத்த தொழிலாளருக்கும் நீதி உண்டு. எமது டாக்குத்தரும் அளவையாளரும் பொய் முறைப்பாட்டினால் அழிதல் ஆகாது.

நான்கு: உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்று கண்டால், விசாரணை முடியும் வரை தொழிலை இடைநிறுத்தும் அதிகாரம் சபைக்கு வேண்டும். அதனைப் பயன்படுத்தக் காலவரையறையும் வேண்டும். முறைப்பாட்டுக்காரருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று சட்டத்திலேயே எழுதுதல் வேண்டும். கோவைக்குள் உறங்கும் முறைப்பாடு அடுத்த நோயாளியின் ஆபத்து.

ஐந்து: பதிவில்லாத ஒருவர் தொழில் செய்கின்றார் என்று கருதினால் சபை நீதிமன்றம் செல்லட்டும். சட்டம் கொடாத அதிகாரத்தைக் கடிதத் தலைப்பினால் ஆக்கிக்கொள்ளல் ஆகாது. அவ்வாறே கருத்துச் சொல்பவன் வாயை அடைக்கவும் அதிகாரத்தைப் பயன்படுத்துதல் ஆகாது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், வீதி விளக்கின் மஞ்சள் நேரத்தைக் கணக்கிட்டு எழுதிய ஒரு பொறியியற் பட்டதாரிக்கு, பதிவு இல்லை என்ற காரணத்தால் பொறியியற் சபை 500 டொலர் தண்டம் விதித்தது. 2018இல் சமஷ்டி நீதிமன்றம் அவருடைய பேச்சுரிமையை நிலைநாட்டியது. கணக்கைச் சரியோ பிழையோ என்று காட்டுவதே பொறியியலாளர் சபைக்கு அழகு. கணக்குப் போட்டவனைத் தண்டிப்பதன்று.

ஆறு: பதிவேடு எவரும் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும், அதுவும் தமிழிலே பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதவும், விசாரணையில் தமிழில் சாட்சி சொல்லவும், தீர்ப்பைத் தமிழில் பெறவும் வழி வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியே என்று அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரரும் மட்டக்களப்பு மீனவரும் அட்டன் தோட்டத் தொழிலாளியும் தமக்கு நேர்ந்த தீங்கைத் தம் தாய்மொழியிலே ஒரு தாளில் எழுதி அனுப்ப முடியாவிடின், அச்சபையின் அதிகாரங்கள் அத்தனையும் அவர்களைப் பொறுத்தவரை இல்லாதனவே.

இரு சாராருக்கும் ஒரு சொல்

தொழிலறிஞரை நோக்கி நாம் கூறுவது இது. உங்கள் சபைக்கு அங்கத்தவரைத் தெரிவுசெய்யும் வேளையில், எங்கள் வருமானத்தைக் காப்பவர் யார் என்று கேளாதீர்கள். எங்கள் பெயரைக் காப்பவர் யார் என்று கேளுங்கள். தகுதியற்ற சகபாடி ஒருவரைக் கண்டும் வாய் மூடியிருத்தல் நட்பன்று. டலஸில் முறையிட்ட சத்திரசிகிச்சையாளர்கள் தம் தொழிலுக்குத் துரோகம் செய்யவில்லை. அதன் மானத்தைக் காத்தனர். பதிவேட்டில் பெயரிருத்தல் பெருமை தருவது, பெயரிருக்கத் தகாதவரை அது நீக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மட்டுமே.

கமக்காரரை நோக்கி நாம் கூறுவதும் உண்டு. காசு குறைவென்று பதிவில்லாதவரிடம் காணியை அளப்பித்துவிட்டுப் பின்னர் பத்தாண்டு கோடேறி அலையாதீர்கள். நொத்தாரிசு முன் கையொப்பம் இடுமுன் உறுதியை வாசித்து விளக்கும்படி கேளுங்கள். வாசிக்க அறியாதவருக்கு வாசித்து விளக்குதல் அவர் செய்யும் உபகாரமன்று. சட்டம் அவர்மீது சுமத்திய கடமை. மருத்துவரின் பதிவைக் கேட்டறிதல் அவமதிப்பன்று. தீங்கு நேர்ந்தால் தலைவிதி என்று சொல்லி மாலை வேளையில் ஒழுங்கை முகப்பில் பேசிக் கலைந்து போகாதீர்கள், எழுதி முறையிடுங்கள். முறையிடாத ஊருக்குச் சபையும் விழிக்காது.

அதிகாரம் யாரிடம் இருக்கின்றதோ கடமையும் அவரிடமே இருக்கின்றது. கடமையை விட்டுவிட்டு அதிகாரத்தை மட்டும் வைத்திருக்க எந்தச் சபைக்கும் உரிமை இல்லை. மக்கள் அரசுக்குக் கொடுத்ததை அரசு சபைக்குக் கொடுத்தது. கணக்குக் கேட்கும் உரிமையை மக்கள் எவருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. அக்கணக்கை எம்மக்கள் இன்றே கேட்கத் தொடங்குவாராக.